வெட்டியதற்கும் உறைந்ததற்கும் நடுவே

ஆய்வகத்தில் அவருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்த்தார். முட்டைக்கோஸை நாலாகப் பிளந்து, தண்டைக் கழித்து, நூல் நூலாக அரிந்து, கம்பிக் கூடையில் அள்ளிப் போட்டுத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுக்க அவருக்கு ஆகிற நேரம் அது. ஒரு தடவை மாணவர்கள் பந்தயம் கட்டி, கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. மிச்சமிருந்த எட்டு வினாடியில் கத்தியையும் துடைத்து வைத்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் நடப்பது காய்கறி ஆராய்ச்சி. அபூர்வமான காய் எதுவும் இல்லை. முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி, கேரட் என்று யார் பையிலும் கிடக்கிற காய்கள்தான். அவற்றுக்குள் உடம்புக்கு நல்லது செய்கிற சத்துகள் என்னென்ன, எந்த மண்ணில் விளைந்தால் எவ்வளவு, அடுப்பில் ஏறினால் மிச்சம் எவ்வளவு என்று மாடியில் இருக்கும் படித்தவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத வெட்டும் அறையில், எஃகு மேஜைக்கு முன்னால் நின்று இவர் அரிந்து கொடுத்தார். பதினேழு வருஷமாக அதுதான் வேலை.

கோஸில் மட்டும் ஏன் இத்தனை அவசரம் என்பதை, துறைத் தலைவியான பெரிய மேடம் அவருக்கு ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தார். இலைக்குள்ளே இரண்டு சரக்கு தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. கத்தி பட்டதும் நடுச்சுவர் இடிகிறது. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு காரச்சத்து பிறக்கிறது. உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் தேடுவது அந்த மூன்றாவதைத்தான். அரிந்த கோஸை அப்படியே வைத்திருந்தால் அது பாட்டுக்கு ஊறிக்கொண்டே போகும். எல்லா வயல் கோஸையும் ஒரே கணத்தில் உறைய வைத்து அதை நிறுத்தினால்தான், எந்த வயல் உசத்தி என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும். ஒப்பீட்டுக்கு அவர்கள் வைத்திருந்த கணக்கும் இரண்டு நிமிடம்தான். அவர் கையைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கை வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கவில்லை.

இதையெல்லாம் பதிய ஒரு நோட்டு இருந்தது. வயல் எண், எடை, கடைசியில் ‘வெட்டியதற்கும் உறைந்ததற்கும் நடுவே’ என்று ஒரு கட்டம். உள்ளே மெல்லிய உறை, அதன்மேல் குளிருக்கான தடித்த உறை என்று இரண்டு அடுக்கு மாட்டிய கையில் பேனா நிற்காது. ஒவ்வொரு தடவையும் கழற்றி எழுதி மறுபடி மாட்டுவதற்குள் அடுத்த கோஸ் வாடிவிடும். அதனால் காலையில் வந்ததும், வெறுங்கையோடு, அன்றைக்கு வரப்போகிற அத்தனை வரிசைக்கும் அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே 2, 2, 2 என்று எழுதிவிடுவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் தன் கணக்கை அப்படித்தான் காலையிலேயே எழுதிவைப்பார். எழுதியபடியே வேலை நடந்துவிடுகிறபோது அதை யார் தப்பென்று சொல்லப்போகிறார்கள்.

ஐந்தரைக்குப் பேருந்து. எத்தனை சோப்புப் போட்டாலும் கோஸின் கந்தக வாடை விரல் இடுக்கை விட்டுப் போகாது. கூட்டமான பேருந்திலும் அவர் பக்கத்து இருக்கை மட்டும் மூன்று நிறுத்தம் வரைக்கும் காலியாகவே வரும். யாராவது வந்து உட்கார்ந்தால் வந்தவருக்குச் சளிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார், சொல்ல ஆள் கிடைத்தால்.

சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஓர் அறை. ஒற்றை அடுப்பு. நாற்காலி இரண்டு, அதில் ஒன்றின் மேல் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருந்தன. கீழே சலவை இயந்திரங்கள் சுற்றும்போது தரை லேசாக அதிரும், மேஜையில் வைத்த தம்ளரில் தண்ணீர் நடுங்கும். வீட்டில் அவர் கத்தியைத் தொடுவதில்லை. நாள் பூராவும் அரிகிறவன் ராத்திரிக்கும் அரியணுமா என்று சலவைக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். ரொட்டி, முட்டை, சில நாள் வெறும் பால். ஆய்வகத்தில் மிஞ்சுகிற காய்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, சோதனை வயலில் விளைந்தவை, குப்பைக்குத்தான் போகவேண்டும். பதினேழு வருஷத்தில் அவர் அரிந்த காயில் ஒரு துண்டைக்கூட யாரும் சாப்பிட்டதில்லை.

மனைவி பிரிந்து போனபோது மகளுக்கு ஒன்பது வயது. அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். சண்டை சச்சரவு என்று சொல்ல எதுவும் இல்லை. வீட்டில் யாரோ ஒருவர் இல்லாத மாதிரியே இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார், அந்த யாரோ ஒருவர் தான்தான் என்பது அவருக்குப் புரிய சில வருஷம் பிடித்தது. மகள் பிறந்தநாளுக்கு அவர் கூப்பிடுவார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், நீங்க, நானும். பதினாறு வயதில் ஒரு தடவை, நீங்க கூப்பிட்டா என்ன பேசறதுன்னே தெரியலப்பா, தோணும்போது நானே கூப்பிடறேனே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டதில்லை. அவளுக்கும் அடிக்கடி தோன்றவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்து நாலு. தொலைவில் ஒரு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதன்முதலாகத் தனக்கென்று ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை.

அப்படி ஒரு வியாழக்கிழமை பதினொன்று நாலுக்கு அவருடைய போன் அடித்தது. மேஜைமேல் பதினாலாம் எண் வயலின் கோஸ் அப்போதுதான் அரிந்து குவிந்திருந்தது. திரையில் மகள் பெயரைப் பார்த்ததும் ஏதோ விபரீதம் என்று நினைத்து, தடித்த உறையை உதறிப் போட்டுவிட்டு எடுத்தார்.

“அப்பா, முட்டைக்கோஸ எப்படி வெட்டறது?”

“எதுக்கு?” என்றார். வாயில் வந்தது அதுதான்.

“சாப்பிடத்தான். நீங்க வேணா வேற எதுக்காவது வெட்டுவீங்க.”

அவள் முழுக் கோஸை வாங்கி வந்துவிட்டாள். கத்தி மழுங்கல். கோஸ் உருண்டு உருண்டு ஓடுகிறது. முதலில் பாதியாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கீழே வை, அப்புறம் ஓடாது என்றார். அவள் போனை எங்கேயோ நிறுத்தி வைத்துவிட்டுப் பிளந்தாள், அந்தச் சத்தம் கேட்டது. எவ்வளவு மெல்லிசாக அரியலாம், தண்டை என்ன செய்ய, மேல் இலையைக் கழுவணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அரிந்து முடித்ததும் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். உடனே போடாதே, அரிந்ததை ஒரு அரைமணி நேரம் அப்படியே வை என்றார். ஏன் என்றாள். இரண்டு அறை, நடுச்சுவர், மூன்றாவது சத்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த இரண்டு சரக்கில் கலவையை நடத்துகிற ஒன்று சூடு தாங்காது, சூடு படுமுன் அதற்கு அவகாசம் கொடுக்கவேண்டும்.

“சாப்பாடு கேட்டா பாடம் எடுக்கறீங்க,” என்றாள். “சரி, அரைமணி நேரம் நான் என்ன பண்றது?”

“பேசிட்டிரு,” என்றார் அவர். சொன்னபிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது.

பேசினாள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி போட்டால் தாங்கள் அறிவாளியாகத் தெரிகிறோமா என்று கேட்பார்களாம், ஆமாம் என்று சொல்ல அவளுக்குச் சம்பளமாம். பக்கத்து அறைப் பெண் குளிக்கும்போது பாடுவாளாம், ஒரே பாட்டு, அதுவும் பாதிதான் தெரியும். ஒரு மாசமாகக் கடையிலேயே வாங்கிச் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது. அப்பா, உங்களுக்கு யார் சமைக்கறா என்று நடுவில் ஒரு கேள்வி. நானேதான் என்றார். அது முழுப் பொய்யில்லை, முட்டை அவித்தால் சமையல்தான்.

அவள் கோஸை வாணலியில் போட்டு, சுர்ரென்ற சத்தத்தைக் கேட்கவைத்து, போனை வைத்தபோது திரையில் முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது. அப்போதுதான் மேஜையைப் பார்த்தார். பதினாலாம் எண் ஓரமெல்லாம் சோர்ந்து கிடந்தது. அந்த வயலில் மிச்சமிருந்த கோஸ்களைக் காலையில் எடை போட்டதுமே குப்பைத் தொட்டியில் தள்ளியாயிற்று, அதன்மேல் வேறு நாலு வயலின் கழிவும் விழுந்திருந்தது. நோட்டைப் பார்த்தார். பதினாலுக்கு நேரே 2 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது, அவருடைய கையெழுத்தில், அழகாக. அந்த ஆராய்ச்சிக்கு மொத்தம் அறுபது வயல், அதில் இது ஒன்று. கூடையை எடுத்து முக்கினார். வெண்புகை மேஜை முழுக்கப் பரவி அடங்கியது.

அடுத்த வியாழனும் பதினொன்றுக்குப் போன் வந்தது. வெங்காயம். தோலை உரித்துக்கொண்டே போகாதே, நல்ல சத்து வெளி அடுக்கில்தான் இருக்கு என்றார். அதற்கடுத்த வாரம் தக்காளி, அதை எண்ணெயோடு சேர்த்து நன்றாகக் குழைய விடவேண்டும், அப்போதுதான் அதன் சிவப்புச் சத்து உடம்பில் ஒட்டும். கேரட்டுக்கும் அப்படியே. மாடியில் இருக்கிறவர்கள் எழுதிய அறிக்கைகளை மதிய இடைவேளையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார், அடுத்த காய்க்கு என்ன சொல்வது என்ற கவலையில். அவள் காய்கறிக் கடைக்காரியிடம் உங்க கத்தரிக்காய்க்குத் தோல்லதான் விஷயம் இருக்கு தெரியுமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். இனிமேல் தப்பு நடக்காமல் இருக்க, வியாழக்கிழமை எட்டு மணிக்கே வந்து பதினொன்றுக்குள் பாதியை முடித்தார். மேஜை காலியான பிறகுதான் போனை எடுத்தார். பன்னிரண்டுக்குமேல் மறுபாதி. ரெண்டு நிமிஷம் இப்பல்லாம் விசிலடிச்சுக்கிட்டே வெட்டறார் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நாலு மாதம் அப்படிப் போனது. உறைந்தவை காய்ந்து, பொடியாகி, சிறு புட்டிகளில் மாடிக்கு ஏறின. அவற்றை அளந்துகொண்டிருந்தவள் ஆராய்ச்சி மாணவி, எல்லோருக்கும் சின்ன மேடம். அந்த அறுபது வயல்தான் அவளுடைய முனைவர் பட்டம். ஒருநாள் படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்தாள். பதினாலாம் எண் வயல் கோஸில் அந்தக் காரச்சத்து மற்ற வயல்களைப் போல மூன்று மடங்கு. அதே பொடியை மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டாள், மூன்று தடவையும் அதேதான்.

பெரிய மேடமும் இறங்கி வந்தார். நம்பாமல்தான் வந்தார். மண்ணைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், விதையைக் கேட்டார். கடைசியில் வெட்டு எப்படி என்று நோட்டை எடுத்துப் புரட்டினார். வெட்டுகிறவர் மேஜையைத் துடைத்தபடி நின்றார்.

“ரெண்டுதான் இருக்கு,” என்றார் பெரிய மேடம். “இவர் கணக்குல தப்பு வராது. வயல்லதான் ஏதோ இருக்கு.”

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு மனப்பாடம். எதிர்க் கட்டடத்து ஆய்வகத்தில் போன் பேசி ஏதோ கெட்டுப்போய், எல்லார் போனையும் நடையில் இருக்கும் லாக்கரில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். வேலை போகாது, பதினேழு வருஷத்துக்கு அவ்வளவு மரியாதை இருக்கும். போன் போகும். வேறு நேரத்தில் கூப்பிடு என்று மகளிடம் சொல்லலாம். ஆனால் வேறு நேரத்தில் கூப்பிட அவளுக்கு என்ன இருக்கிறது? அவள் அப்பாவைக் கூப்பிடவில்லை, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றுகொண்டு சமையல் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுகிறாள். அந்த மணியை நகர்த்தினால் எல்லாம் கழன்றுவிடும். இப்படித்தான் அவர் நினைத்தார், பேருந்தில் காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாரக்கணக்கில்.

அந்த வாரங்களில் மகள் பீன்ஸ் செய்தாள், கீரை செய்தாள். அவர் முன்பு போல விசிலடிக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பதினாலாம் எண் வயல்காரர் கோஸ் மூட்டையோடு நேரிலேயே வந்தார். எப்போதும் வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர். உயரமான ஆள், அறைக்குள் வரும்போது குனிந்து வந்தார். சின்ன மேடம் மண் எடுக்க வந்தபோது மூன்று மடங்கு விஷயத்தை வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். இது கல்லுக்காடு, ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு என் மச்சான் இருபது வருஷமா சொல்லிட்டிருந்தான், இப்ப அவன் மூஞ்சியப் பார்க்கணுமே என்றார். மறுபக்கம் போட்டிருந்த கேரட்டை எல்லாம் பிடுங்கிவிட்டு இந்தக் கோஸையே போடப்போகிறாராம். ஒரு பாத்தியை நேற்றே பிடுங்கியாயிற்று.

“நீங்கதானே வெட்டுனது? கத்தி வெக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“இல்லீங்க,” என்றார். “எல்லாக் கோஸும் மாதிரிதான் இருந்துச்சு.”

“பெரிய கைக்காரங்க இப்படித்தான் சொல்லுவாங்க,” என்று வயல்காரர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மிச்சக் கேரட்டை எப்போது பிடுங்குவீர்கள் என்று ஓடிப்போய்க் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அன்று அரிய வேண்டியதை அரிந்து முடித்தார். மறுநாள் காலை உறைகளை மாட்டாமல் மாடி ஏறினார். பெரிய மேடத்தின் அறைக்குள் அவர் அதுவரை மூன்று தடவைதான் போயிருப்பார்.

“பதினாலாம் நம்பர் ரெண்டு நிமிஷம் இல்ல மேடம். முப்பத்தெட்டு.”

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. எப்படி இவ்வளவு கரெக்டா ஞாபகம் இருக்கு?”

“போன்ல காட்டுச்சு.”

“யாரு போன்ல?”

“வீட்டுலருந்து.”

அவருக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது பெரிய மேடத்துக்குத் தெரியும். அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. நோட்டை வரவழைத்தார். முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியும் இங்கே இரண்டு என்று எப்படி வந்தது என்று கேட்டார். காலையில் எழுதுகிற வழக்கத்தைச் சொன்னார். எல்லா வரிசைக்குமா என்றார் மேடம். எல்லா வரிசைக்கும்தான். எத்தனை வருஷமாக? அவர் பதில் சொல்லுமுன் மேடம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஒரே ஓர் எண்ணை அடித்துவிடுவார்கள், பதினாலு போகும், மிச்சம் ஐம்பத்தொன்பது இருக்கும் என்றுதான் மாடி ஏறும்போது நினைத்திருந்தார். கட்டம் பூராவும் முன்கூட்டியே எழுதியது என்றால் கட்டம் பூராவும் செல்லாது என்பது அந்த நாற்காலிக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவருக்கு விளங்கியது. அறுபது வயலையும் இந்தப் பருவத்துக் கோஸை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும்.  அரிந்துவைத்தால் அந்தச் சத்து ஊறும் என்றாவது நிரூபணமாயிற்றே மேடம் என்று ஏதோ உளறினார். “அது பாடப்புத்தகத்துலயே இருக்கு,” என்றார் பெரிய மேடம், கொஞ்சம் களைப்பாக. வயல்காரருக்கு அப்போதே போன் போட்டார். இரண்டு பாத்திதான் போயிருந்தது.

சின்ன மேடம் மத்தியானம் கீழே வந்தாள். அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள். திட்டு வாங்கத் தயாராக அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அண்ணா, மத்ததெல்லாம் ரெண்டுதானா?”

“ரெண்டுதான்மா. சத்தியமா.”

“எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா அத நான் எங்கயும் எழுத முடியாது.”

அன்று மாலையே புது ஏற்பாடு வந்தது. அவர் அரியும்போது இன்னொருவர் கடிகாரத்தோடு நின்று நேரத்தை எழுதவேண்டும். போன்கள் நடையிலுள்ள லாக்கருக்குப் போகவேண்டும், பன்னிரண்டரை இடைவேளை வரைக்கும் திறக்கக் கூடாது. வருஷாவருஷம் புதுப்பிக்கிற அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பற்றி வருஷக் கடைசியில் பேசலாம் என்றார்கள். யாரும் அவரை ரெண்டு நிமிஷம் என்று கூப்பிடவில்லை. வேறு பெயர் எதுவும் கைவசம் இல்லாததால், தேவைப்பட்டபோது மேஜையைத் தட்டினார்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதன்கிழமை மாலை நாற்காலியிலிருந்த செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கூப்பிடாதே என்று சொல்வதற்காகக் கூப்பிடுவதா? எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, இதற்காகவா? கீழே இயந்திரம் சுற்றி நின்றது. அவர் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றுக்குக் கையில் கத்தி இருந்தது. பக்கத்தில் நின்றவர் ஒன்று ஐம்பத்தைந்து, ஒன்று ஐம்பத்தெட்டு, இரண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். எல்லாம் சரியாகவே இருந்தது. பன்னிரண்டரைக்கு லாக்கரைத் திறந்தார். ஒரே ஓர் அழைப்பு, பதினொன்று ஆறுக்கு. மறுபடி முயன்றதாகத் தெரியவில்லை. நடையில் ஆட்கள் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, யோசிக்க நேரம் கொடுக்காமல், அழுத்தினார்.

நாலாவது மணியில் எடுத்தாள். அவரே கூப்பிட்டதில் அவளுக்குத்தான் பயம். என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா என்றாள். ஒன்றுமில்லை என்றார். வெண்டைக்காய் செய்து, அது கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு, அப்படியே தின்று முடித்துவிட்டாளாம். தண்ணீர் படாமல் துடைத்துவிட்டு அரிந்திருக்கவேண்டும் என்றார். ஆமா, இப்ப சொல்லுங்க என்றாள்.  அடுப்பில் எதுவும் இல்லை. அவளிடமும் கேட்க எதுவும் இல்லை.

“சரிப்பா, வெக்கட்டுமா?”

“நான் வேலையில ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா.”

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அவள் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. என்ன தப்பு என்றாள். அரிந்த கோஸை உறைய வைக்க மறந்து நேரமாகிவிட்டது, சொல்லாமல் விட்டுவிட்டேன், ஒரு பெண்ணுடைய வேலை பூராவும் போயிற்று, இப்போது பன்னிரண்டரை வரைக்கும் போனைத் தொடக் கூடாது என்று விட்டுவிட்டுச் சொன்னார். வயல்காரருடைய கேரட்டையும் சொன்னார்.  இத்தனை நேரம் அவர் அவளிடம் தன்னைப் பற்றிப் பேசியதே கிடையாது.

“கோஸா?” என்றாள் கடைசியில். “அது நான் கூப்பிட்ட அன்னிக்கா?”

“இல்ல,” என்றார் உடனே. “அதுக்கு முந்தின வாரம்.”

 மறுமுனையில் பக்கத்து அறைப் பெண்ணின் பாதிப் பாட்டு மெல்லக் கேட்டது.

“எனக்குப் பன்னெண்டரைக்கு மேலதான் பசிக்கவே செய்யுது,” என்றாள். “பதினோரு மணிக்குச் சமைச்சு ஆறிப்போயிதான் சாப்பிடறேன்.”

அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. அவர் சொன்னதை அவளும் நம்பியிருக்கமாட்டாள். சரிம்மா என்றார். வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் பன்னிரண்டே முக்காலுக்கு அழைத்தாள், சுரைக்காய், பத்து நிமிடம். அதற்கடுத்த வியாழன் அழைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அவரே கூப்பிட்டார், வெளியில் தோழிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் பேசறேன்பா என்றாள், பேசவில்லை. அதற்கும் அடுத்த வாரம் வந்தது. இப்போதும் அப்படித்தான், சில வாரம் வருகிறது, சில வாரம் வருவதில்லை. வருஷக் கடைசியில் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டித்தார்கள். வியாழக்கிழமைகளில் பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவர் லாக்கரைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு நடையில் நிற்கிறார். ஒரு மணி வரைக்கும் நிற்பார். பிறகு உள்ளே போய் உறைகளை மாட்டிக்கொள்கிறார்.